கோபம் வராத மனுஷன்

அத்தியாயம் 14

கட்டின புருஷன் கோபப்படுவதை விட்டுவிட்டால் எந்தப் பெண் கவலைப்படுவாள்? நம் அண்ணியும் படவில்லை. சொல்லப்போனால் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள். இந்த வாரத்து வினை அங்கேதான் ஆரம்பம்.

விடாமல் படித்துவருகிறவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிப் போய்விடலாம். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். அந்த வீட்டில் பாதிப் பேருக்கு அவள் அண்ணி. நமக்கும் அப்படியே இருக்கட்டும். அவள் கணவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டடம் எழும்பும் இடத்தில் ஏணி ஏறி, உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டில் போய் உட்கார்ந்தால், சாப்பாட்டு வேளைக்குத்தான் இறங்குவார். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. மாத்திரைக்கு மசிகிற சர்க்கரை இல்லை, அன்றிலிருந்து இன்றுவரை இன்சுலின் ஊசிதான். வீட்டிலும் வேலையிடத்திலும் அவருக்குப் பெயர் பட்டாசு. ஏன் என்று கேட்க வேண்டாம், மூக்குக்கு மேல் கோபம்.

இந்தக் கோபத்துக்கு மாமியார் ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். மகன் திடீரென்று கத்த ஆரம்பித்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தால் அடங்கிவிடுவான். நியாயமான காரணத்தோடு கத்துகிற நாட்களும் உண்டுதான். அன்றைக்கும் மிட்டாய்தான். கடைசியில் வண்டி நிறுத்தும் தகராறில் பக்கத்து வீட்டுக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். ஜிம்மில் பயிற்சி கொடுக்கிற அவர் தங்கை, "உன்னை ஓட வெச்சே திருத்துறேன் பாரு" என்று சபதம் போட்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

ஓட வைத்தாள். ஒரே மாதத்தில் பட்டாசு பெட்டிப்பாம்பாய் அடங்கிப்போனது.

இன்று காலையில் நடந்ததைக் கேளுங்கள். ஓடிவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஊசியும் போட்டுக்கொண்டு, வேலைக்குக் கிளம்பி நின்றார். அண்ணி அவசரத்தில் திரும்பினாள். கையிலிருந்த காபி முழுக்க அவர் சட்டையில்.

மாமியார் சமையலறையிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணி மிட்டாய் டப்பாவைத் தேடினாள்.

"பரவாயில்ல, விடு. வேற சட்டை போட்டுக்கறேன்" என்றார் பட்டாசு.

"நெஜமாவா?"

"சட்டைதானே. துவைச்சா போச்சு."

தங்கை வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனோடு ஓடிவிட்டு இங்கேயே சாப்பிட்டுப் போவது அவள் வழக்கம். "என்னண்ணா, பட்டாசு நமத்துப்போச்சா?" என்றாள்.

"ஒனக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும். நேத்து ஓடிட்டு வந்து குத்திப் பார்த்தேன், ஐம்பத்திரண்டு காட்டுச்சு. முன்னெல்லாம் அவ்வளவு இறங்கினா கை கால் வெடவெடன்னு ஆடும், தொப்பலா நனைஞ்சுடுவேன். நேத்து ஒரு நடுக்கம் கிடையாது. உடம்பு இரும்பாயிடுச்சு."

"அதான் பயிற்சி! தாங்கிக்கப் பழகிடுச்சு" என்று தங்கை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"ஒரு மிட்டாயை வாயில போட்டுக்கயேன்" என்றாள் மாமியார்.

"நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு?" சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் இந்த மனுஷனை எங்கே ஒளித்துவைத்திருந்தார்கள் என்று தோன்றியது.

கடைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரியில் இன்சுலின் வாங்க வேண்டியிருந்தது. சர்க்கரைப் பிரிவு நர்ஸ் பழக்கமானவள். ஊசிமருந்துப் பெட்டிகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, ஐஸ் பையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

கேட்க ஆள் கிடைத்தால் போதாதா அண்ணிக்கு? காபி கொட்டினதில் ஆரம்பித்தாள். ஓட்டம், சிரிப்பு, ஐம்பத்திரண்டு, நடுக்கமே இல்லாதது, உடம்பு இரும்பானது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "இப்பல்லாம் கோபமே வரதில்ல சிஸ்டர். ஆளே மாறிட்டார்."

நர்ஸ் கட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"முன்னாடி சர்க்கரை இறங்கும்போது என்ன பண்ணுவார்?"

"கத்துவார். வீடே ரெண்டாகும். மிட்டாய் குடுத்தா அடங்கிடுவார்."

"இப்ப இறங்கினா?"

"இப்பதான் இறங்கறதே தெரியலன்னு சொல்றாரே."

"உட்காருங்க" என்றாள் நர்ஸ்.

'உட்காருங்க' என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் யாருக்கும் நல்லதாகப் படாது. அண்ணி உட்கார்ந்தாள்.

"சர்க்கரை இறங்கினா உடம்பு சும்மா இருக்காது. அட்ரினலின்னு ஒரு ஹார்மோனை ரத்தத்துல கொட்டும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும், எரிச்சல் எரிச்சலா வரும். ஏதாவது சாப்பிடுன்னு உடம்பு போடற சத்தம் அது. உங்க வீட்டுக்காரருக்கு அது கோபமா வெளிய வந்திருக்கு."

"இப்ப அது போயிடுச்சே. நல்லதுதானே?"

"சத்தம்தான் போயிருக்கு. சர்க்கரை இறங்கறது போகல." நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஓடினா சர்க்கரை இறங்கும். ஒருநாள் ரொம்ப இறங்கிட்டா, மறுநாள் ஓடும்போது வரவேண்டிய ஹார்மோன் பாதிகூட வராது. அதனால இன்னும் இறங்கும். இன்னும் இறங்கினா இன்னும் கம்மியா வரும். அப்புறம் நடுக்கமும் இல்ல, கோபமும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே மயங்கி விழுவாங்க."

"ஓடவே கூடாதா?"

"ஓடலாம். ஊசியைக் குறைச்சு, சாப்பாட்டைப் பார்த்து, குத்திப் பார்த்துட்டு ஓடணும். கொஞ்ச வாரம் இறங்கவே விடாம பார்த்துக்கிட்டா அந்தச் சத்தம் திரும்பி வரும். டாக்டர்கிட்ட உடனே கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் தனியா விடாதீங்க. உயரமான இடம், வண்டி ஓட்டறது எதுவும் வேண்டாம். என்ன வேலை பார்க்கறார்?"

"கிரேன் ஓட்டறார்" என்று சொல்லும்போதே அண்ணி எழுந்துவிட்டாள். இன்று காலையிலும் ஓடியிருக்கிறார். வழக்கமான அளவு ஊசி போட்டிருக்கிறார். அதற்கு மேல் அந்த ஏணி வேறு.

போன் போட்டாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மேலே ஏறும்போது போனை அணைத்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. வேலையிடத்து நம்பர் அவளிடம் கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டு வாங்கவில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை ஸ்கூட்டரோடு வந்து நின்றாள்.

வழியெல்லாம் அண்ணி பின்னால் உட்கார்ந்து காதில் கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னாள். தங்கை வண்டியை விரட்டினாள். சிக்னலில் நின்றபோது மட்டும் திரும்பாமலே கேட்டாள்.

"அப்ப நான்தானா அண்ணி?"

"வண்டியை ஓட்டு."

கட்டட வாசலில் காவல்காரர் மறித்தார். ஹெல்மெட் இல்லாமல் உள்ளே விட முடியாது, பாஸ் இல்லாமல் ஹெல்மெட் கொடுக்க முடியாது. அண்ணி அவரிடம் கெஞ்சினாள். தங்கை சத்தம் போட்டாள். சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வந்து, யாரென்று தெரிந்ததும் தானே இரண்டு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"பட்டாசு வீட்டு அம்மாவா? வாங்க வாங்க. தங்கமான மனுஷன் ஆயிட்டார். முன்னெல்லாம் வாக்கி-டாக்கியைக் காதுல வைக்க முடியாது, அப்படித் திட்டுவார். இப்ப பேச்சே இல்ல."

அண்ணி அண்ணாந்து பார்த்தாள். கிரேனின் நீண்ட கை வானத்தில் நின்றது. அதிலிருந்து கம்பிக்கட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கூண்டில் வெயில் பட்டு உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை.

கீழே நின்று வழிசொல்லும் சிக்னல்மேன் வாக்கி-டாக்கியில் பேசினார். "கொஞ்சம் இடது. இடது பக்கம். கேக்குதா?"

ஒன்றும் இல்லை. பிறகு இரைச்சலுக்கு நடுவே, "ம்... சரி."

கம்பிக்கட்டு வலது பக்கம் நகர்ந்து நின்றது.

"காலையிலேர்ந்து இப்படித்தான் கொஞ்சம் மந்தமா இருக்கார்" என்றார் சிக்னல்மேன்.

அண்ணி வாயைத் திறந்தாள். தங்கை அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "அண்ணி, இங்க சொல்லாதீங்க. சர்க்கரை கட்டுப்பாட்டுல இருக்குன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டுத்தான் கம்பெனியில ஏத்தியிருக்காங்க. இப்பச் சொன்னா இறக்கிடுவாங்க. அப்புறம் எந்த சைட்லயும் ஏத்த மாட்டாங்க. அண்ணனுக்கு அந்தக் கூண்டுதான் உசிரு. தெரியாதா உங்களுக்கு?"

தெரியாமல் என்ன? கல்யாணப் பேச்சின்போதே, மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதற்கு, "மேல உட்கார்ந்தா யாரும் கூப்பிட மாட்டாங்க" என்று சொன்ன மனுஷன் அவர்.

"ஒருவேளை நெஜமாவே நல்லா இருந்தா?" என்றாள் தங்கை.

அண்ணிக்கு ஒன்று தோன்றியது. நினைவு தெளிவாக இருக்கிற மனுஷனைச் சீண்டினால் கோபம் வரத்தானே வேண்டும்? சூப்பர்வைசரிடம் போய், "அவர்கிட்ட ஒரு நிமிஷம் பேசணும்" என்று வாக்கி-டாக்கியை வாங்கிக்கொண்டாள்.

இத்தனை வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் கோபம் வராமல் காத்தவள், இப்போது கோபத்தை வரவழைக்கப் போனாள்.

"ஏங்க, நான்தான் பேசறேன். உங்க பழைய ரேடியோவைப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டேன்."

சிக்னல்மேன் களுக்கென்று சிரித்தார். அந்த ரேடியோவை வீட்டில் யாராவது துடைத்தாலே அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

"சரிம்மா" என்றது மேலேயிருந்து வந்த குரல்.

"உங்க டூல்ஸ் பெட்டியையும் சேர்த்துப் போட்டுட்டேன்."

"ம்."

"எங்க அக்கா வீட்டுக்காரர் வர்றார். ஒரு மாசம் தங்கப்போறார். உங்க கட்டில்லதான் படுப்பார். உங்களைவிட அவருக்குப் பொறுப்பு ஜாஸ்தின்னு அத்தையே சொல்லிட்டாங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். யாரோ விசில்கூட அடித்தார்கள். தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

நீண்ட இரைச்சல். பிறகு, தூங்குகிற குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெதுவாக, "வரட்டும். நல்லது... வரட்டும்."

அண்ணி வாக்கி-டாக்கியை வாயோடு ஒட்டிக்கொண்டாள். "ஏங்க, திட்டுங்களேன். ஒரு வார்த்தை திட்டுங்க. எல்லாரும் கேக்கறாங்க, பரவாயில்ல. என்னைத் திட்டுங்க."

"சரிம்மா."

அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை தடுக்கவில்லை. சூப்பர்வைசர் வாக்கி-டாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

"சார், லோடை அப்படியே நிறுத்துங்க. லீவரிலேர்ந்து கையை எடுங்க. கையை எடுத்தா கிரேன் தானா நின்னுடும். கேக்குதா?"

"சரி."

கம்பிக்கட்டு இறங்க ஆரம்பித்தது.

"கையை எடுங்கன்னு சொன்னேன்!"

"சரி."

சரி சரி என்று சொல்லிக்கொண்டே இறக்கினார். சிக்னல்மேன் விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து சிதறினார்கள். கட்டு அவசரமே இல்லாமல் வந்து, டிரம்மின் மேல் உட்கார்ந்தது. டிரம் நசுங்கித் தண்ணீர் நாலாப் பக்கமும் ஓடியது. ஆளுக்கு ஒன்றுமில்லை. அதுவரைக்கும் சந்தோஷம்.

"பாக்கெட்ல மிட்டாய் இருக்கா பாருங்க!" என்று கத்தினாள் அண்ணி. அவள் கையில் வாக்கி-டாக்கி இல்லை. வெறும் வாயால் கத்தினால் அந்த உயரத்துக்கு எங்கே கேட்கும்? சூப்பர்வைசர் அதையே வாக்கி-டாக்கியில் சொன்னார். இந்தத் தடவை 'சரி'கூட வரவில்லை.

மாற்று ஆபரேட்டர் ஒருவர் ஜூஸ் பாட்டிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். வயதானவர். ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கினார்.

தங்கை ஏணியடிக்கு ஓடினாள். "நான் போறேன். அவரைவிட வேகமா ஏறுவேன். நான் தினமும் ஏறிப் பழகினவ!"

"அனுமதி இல்லாம யாரையும் ஏத்த முடியாதும்மா. நீங்களும் விழுந்தா நான் என்ன பண்ணுவேன்?" சூப்பர்வைசர் ஏணியை மறித்து நின்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

ஊரில் பாதிப் பேரை ஓடவும் ஏறவும் வைத்தவள் அங்கே ஏணியின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணியின் பையில் நிறைய இன்சுலின் இருந்தது, இன்னும் ஜில்லென்று. அது இப்போது விஷத்துக்குச் சமம். கூண்டைப் பார்த்தாள், ஏறுகிறவரைப் பார்த்தாள், மறுபடியும் கூண்டைப் பார்த்தாள். வீட்டில் அவர் கத்திய ஒவ்வொரு நாளும் 'இந்த வாய் எப்போதான் மூடுமோ' என்று நினைத்தது ஞாபகம் வந்தது. அப்படியெல்லாம் நினைத்திருக்க வேண்டாமே என்று அழுதாள்.

கடைசியில் வாக்கி-டாக்கி உயிர் பெற்றது. மாற்று ஆபரேட்டரின் குரல், மூச்சிரைப்போடு. "முழிச்சுத்தான் இருக்கார். ஆனா என்னை யாருன்னு தெரியல. அவர் பையில இருந்த சர்க்கரை மெஷின்ல குத்திப் பார்த்தேன், முப்பத்தெட்டு காட்டுது. ஜூஸ் குடிக்கறார். குடிக்கறார்... முழுங்கறார்."

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் இறங்கி வர வெகுநேரம் ஆனது. சர்க்கரை ஏறும்வரை மேலேயே உட்காரவைத்து, ரொட்டி கொடுத்து, மறுபடி குத்திப் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்கினார்கள். கீழே வந்தவர் முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. சூப்பர்வைசர் அவர் தோளில் கை போட்டுத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். அண்ணி தூரத்திலிருந்து பார்த்தாள். தன் பக்கம் கை காட்டி ஏதோ சொல்வது தெரிந்தது.

இப்போது வெடிப்பார் என்று காத்திருந்தாள். என் வேலையைக் கெடுத்தவளே என்று நாலு பேர் முன்னால் கத்தட்டும், காலில் விழுந்தாவது வாங்கிக்கொள்கிறேன் என்று மனசுக்குள் தயாராக நின்றாள்.

அவர் நடந்து வந்தார். பக்கத்தில் கிடந்த பலகையில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை.

மறுபடியும் இறங்கிவிட்டதோ என்று அண்ணி பயந்தாள். அவருடைய பையிலிருந்து மெஷினை எடுத்து, கேட்காமலே அவர் விரலைப் பிடித்துக் குத்தினாள். நூற்றுப் பதினெட்டு காட்டியது. கச்சிதமான சர்க்கரை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"ஏங்க, ஏதாவது சொல்லுங்க. நான்தான் சொன்னேன் அவங்ககிட்ட. வேற வழி தெரியல."

"தெரியும்." அவர் நசுங்கிய டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த லோடை இறக்கினது யாரு?"

தங்கையும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்கதாங்க."

"நானா?" அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஏணியில ஏறினது ஞாபகம் இருக்கு. கம்பிக்கட்டை மாட்டினது இருக்கு. அதுக்கப்புறம் அந்தப் பெரியவர் ஜூஸை நீட்டினதுதான்."

"விடுண்ணா. யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்றாள் தங்கை.

"இன்னிக்கு ஆகல." அவர் குரல் உடைந்தது. கோபமில்லை. அண்ணி அவரிடம் ஒருநாளும் கேட்டிராத குரல் அது. "நேத்து சாயங்காலமும் கடைசி லோடு ஞாபகம் இல்ல. அலுப்புன்னு நெனச்சேன். போன வாரம் ஒருநாள் பூரா அப்படித்தான்."

தூரத்தில் சூப்பர்வைசர் இரண்டு பேரோடு நின்று, ஏற்கெனவே எழும்பியிருந்த தளங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கெல்லாம் நான் என்ன தூக்கினேன், எங்க கொண்டுபோய் வெச்சேன்?" என்று கேட்டார் பட்டாசு. "யார்கிட்டப் போய்க் கேக்கறது?"